மேனேஜரின் பின்னங்கால்

மார்ச் 3, செவ்வாய்

மேனேஜர் இன்று இரண்டு வாய் குறைவாகத் தின்றான். மூன்று தடவை நானே வயிற்றை அழுத்தி ஒன்றுக்கு எடுத்துவிட்டேன். கோபப்படவில்லை. பின்பாதி தன்னுடையதே இல்லை என்பதுபோல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

தினமும் குறித்து வைக்கச் சொன்னது முதுகு டாக்டரம்மா. எனக்கு எழுத்து தெரியாது என்றேன். “போன்ல பேசுங்க ஐயா, அதுவே எழுதிக்கும். ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி பேசணும், அவ்வளவுதான்” என்றார். முப்பத்தெட்டு வருடம் லிஃப்ட் ஓட்டியவன் நான். ஸ்டூலுக்கடியில் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்கும். செய்தி மாதிரிப் பேச எனக்கா வராது?

மேனேஜர் என்பது எங்கள் நாய். நீள உடம்பு, குட்டைக் கால். வீட்டுக்கு வந்த அன்றே என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து எல்லோரையும் முறைத்ததால் அந்தப் பெயர். போன மாதம் விழுந்தான். முதுகுத் தட்டு பிதுங்கி நரம்பை நசுக்கிவிட்டது. அறுத்து எடுத்தார்கள். பதினைந்து நாள் ஆகியும் பின்னங்கால் இரண்டும் துணிபோல் கிடக்கின்றன.

மாதக் கடைசி வரை பார்க்கலாம் என்கிறான் மகன். அதற்குப் பிறகு? “அப்புறம் யோசிக்கலாம்பா.” நாற்பத்திரண்டு வருடமாக அந்தக் குரலைக் கேட்கிறேன். ஊசி போட்டு நாயை ஒரேயடியாகத் தூங்க வைத்துவிடலாம் என்பதை விழுங்கிவிட்டுப் பேசினான்.

மார்ச் 5, வியாழன்

டாக்டரம்மாவின் அறை. ரப்பர் விரிப்பு, ஈரத் துண்டு வாசனை. இரண்டு விரலை முதுகெலும்பின் இரு பக்கமும் வைத்துக் கழுத்திலிருந்து மெல்ல இறங்குகிறார். அறுத்த இடத்தைத் தொடுவதே இல்லை. முன்னங்கால்கள்தான் இப்போது மொத்த உடம்பையும் இழுக்கின்றனவாம், அதனால் தோளும் கழுத்தும் கல்லாகிவிட்டன. ஓர் இடத்தில் நின்று, மிகச் சின்னதாக ஒரு தள்ளு. மேனேஜர் பெருமூச்சு விட்டான். ஏனோ எனக்கும் கழுத்து லேசானது.

பிறகு கண்ணாடித் தொட்டி. உள்ளே தரையில் ஓடும் பட்டை, மேலே நின்றால் நடந்தாக வேண்டும். அடியிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. கணுக்கால், முழங்கால், இடுப்பு. கதவு சாத்துகிற சத்தமும் அந்த மெல்லிய அதிர்வும் என் லிஃப்டேதான். ஏறுகிறது தண்ணீர், அவன் மட்டும் அதே மாடியில் நிற்கிறான். கண்ணாடிக்கு வெளியே இருந்த என்னையே பார்த்துக்கொண்டு முன்னங்காலால் நடந்தான். பின்னங்காலை டாக்டரம்மா கையால் எடுத்து எடுத்து வைத்தார்.

மார்ச் 9, திங்கள்

இழுத்தான்! காலை இழுத்தான்! இடது பின்னங்கால் விரலைக் கிள்ளினேன், விருட்டென்று மடங்கியது. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

“ஐயா, கால் இழுக்கறது வேற, வலி தெரியறது வேற. கால் தானாவே இழுத்துக்கும். வலி மேல மூளைக்குப் போயிருந்தா தலை திரும்பும். கத்துவான், இல்ல கடிக்க வருவான். அவன் உங்களப் பாத்தானா?”

பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புரிந்தது. கீழே பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். மேலே மணி அடித்ததா என்பதுதான் கேள்வி.

மார்ச் 10, செவ்வாய்

மணி அடிக்கவில்லை.

மார்ச் 16, திங்கள்

மத்தியானம் அவன் பக்கத்திலேயே தரையில் படுத்தேன். தூங்கிவிட்டான். கனவில் ஓடுகிறான். முன்னங்கால்கள் குதிக்கின்றன, உதடு துடிக்கிறது, பின்னங்கால்கள் அசையாமல் கிடக்கின்றன. கனவில்கூடவா பாதி நாய்?

நானும் கண்ணயர்ந்தேன். பழைய லிஃப்ட். இடுப்பளவு தண்ணீர், வெதுவெதுப்பாக. பன்னிரண்டாம் மாடி தட்டச்சு அம்மாவும் ஏழாம் மாடி வக்கீலும் நனைந்தபடி நிற்கிறார்கள், ஒருவரும் புகார் சொல்லவில்லை. என் ஸ்டூலில் மேனேஜர். எந்த மாடி என்று கேட்கிறேன். பதில் சொல்லாமல் நீந்திப் போய்விட்டான், நாலு காலாலும்.

விழித்தபோது கன்னத்தில் தரை விரிப்பின் கோடுகள்.

மார்ச் 20, வெள்ளி

நான் அவன் விரலைக் கிள்ளிக் காட்டியதும் டாக்டரம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஐயா, இதுக்குப் பேரு கிள்ளறது இல்ல, கொஞ்சறது. இப்படித் தடவிக் கொடுத்தா எந்த நாய் திரும்பும்?” தினமும் அவர் வந்து சோதிக்க முடியாது, வீட்டில் நான்தான் செய்ய வேண்டும். நகத்துக்கு மேலே, எலும்பு தட்டுப்படுகிற மாதிரி. என் சுண்டு விரலில் செய்து காட்டினார். அம்மாடி!

என்னால் முடியாது.

ஏன் முடியாது? சொல்லித்தான் தொலையேன். இந்தப் போனிடம்கூடப் பொய்யா? அவன் தானாகக் குதித்து விழவில்லை. நாற்காலியில் என் மடியில் கிடந்தான். நான் தூங்கிப்போனேன். கை தளர்ந்தது. விழுந்த சத்தத்தில்தான் விழித்தேன். குதிச்சுட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒருமுறை விழவிட்ட கை, மறுபடி எப்படி வலிக்க வைக்கும்?

மார்ச் 23, திங்கள்

மகனிடம் சொல்லிவிட்டேன். சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான், நிறுத்தவில்லை.

“தெரியும்பா. மேனேஜராவது, குதிக்கறதாவது! எறக்கிவிட ஆள் வர்ற வரைக்கும் குரைக்கற சோம்பேறி அவன்.”

“அப்ப ஏண்டா கேக்கல?”

“நீயா சொல்லட்டும்னுதான்.”

இந்த இனத்துக்கு முதுகுத் தட்டு முன்பே உள்ளுக்குள் காய்ந்திருக்கும், அன்று இல்லாவிட்டால் இன்னொரு நாள் என்று டாக்டரம்மா அவனிடம் சொன்னாராம். வாசலில் செருப்பு மாட்டும்போது, “ஆனா கடைசித் தேதி கடைசித் தேதிதான்பா. அவன் இழுத்துக்கிட்டுப் போறத என்னால பாக்க முடியல” என்றான். அவன் கண்ணைப் பார்க்காமல் நான் நாயைப் பார்த்தேன்.

மார்ச் 26, வியாழன்

மத்தியானத் தூக்கத்தில் அவன் பின்னங்கால் அசைந்தது. வலது கால், இரண்டு முறை, தண்ணீரை உதைப்பதுபோல. டாக்டரம்மா இதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மார்ச் 28, சனி

காலை பத்து மணி. அவன் வெயிலில் படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். “மன்னிச்சுக்கடா” என்றேன். வலது பின்னங்கால், நடுவிரல். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சாமல் கிள்ளினேன் –

கடிச்சுட்டான்! என்னைக் கடிச்சுட்டான்! தலை திரும்பிச்சு, அப்படியே திரும்பிச்சு, வீல்னு ஒரு சத்தம், என் கட்டை விரல்ல ரெண்டு பல்லு! நான் போட்ட சத்தத்துல மகன் பாதி முகச் சவரத்தோட ஓடி வந்தான். “ரத்தம்பா!” “ஆமாண்டா, ரத்தம்டா!” அழுதேனா சிரிச்சேனா தெரியல.

டாக்டரம்மாவுக்குப் போன். “ரத்தம் வந்துச்சா ஐயா?” “வந்துச்சும்மா, நல்லாவே வந்துச்சு!” “ரொம்ப சந்தோஷம்! ஐயோ, இல்ல, மொதல்ல சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க!”

மாதக் கடைசியில் ஊசி என்று இருந்தது. போட்டார்கள், எனக்கு. மகன்தான் ஸ்கூட்டரில் கூட்டிப்போனான். திரும்பி வரும்போது, “அடுத்த மாசத் தண்ணித் தொட்டிக்கு இப்பவே நேரம் வாங்கிடணும்பா” என்றான்.

மார்ச் 31, செவ்வாய்

ஒன்றும் விசேஷமில்லை. மேனேஜர் முழுத் தட்டும் தின்றான்.

ஏப்ரல் 8, புதன்

இன்னும் நிற்கவில்லை. தொட்டியில் மூன்று எட்டு தானாக வைத்தான் என்கிறார் டாக்டரம்மா. நான் எண்ணியது இரண்டு.

சாயங்காலம் வழக்கம்போல் காலைச் சோதிக்கப் போனேன். கட்டுப் போட்ட கையை நீட்டினேன். அது போய்ச் சேர்வதற்குள், பின்னங்காலை மெதுவாக, மிக மெதுவாக இழுத்து வயிற்றுக்கடியில் ஒளித்து வைத்துக்கொண்டான். பிறகு என்னை முறைத்தான். இன்னொரு காலுக்குப் போனேன். அதையும்.

என் மேல் இருந்த நம்பிக்கை சுத்தமாகப் போய்விட்டது. தொடும் முன்பே தானாக இழுத்துக்கொள்கிறான் பார் என்று மகனைக் கூப்பிட்டேன்.