இரண்டாவது அடுப்பு

தெஹியோவிட்ட,
2024 ஜூன் 9

அன்புக்குரிய உங்களுக்கு,

மழை விடாமல் அடிக்கிறது. ரப்பர் பால் வெட்டு இல்லை, அதனால் எழுதுகிறேன். போனில் பேசினால் மாமி பக்கத்திலேயே நிற்கிறார். ஒட்டி ஒட்டிக் கட்டிய லயத்துச் சுவருக்கும் காது அதிகம்.

கிளினிக்குக்குப் போனேன். நோய்க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயராம். கர்ப்பப்பைக்குள் இருக்கும் சவ்வு போன்ற ஒன்று வெளியிலும் வளர்கிறதாம். மாதாமாதம் நான் சுருண்டு கிடந்தது நடிப்பில்லை என்று உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். குளிசை தந்தார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேச, அங்கேயே ஆலோசனை சொல்லும் நுஸ்கா மிஸ்ஸிடம் அனுப்பினார்கள்.

"சாப்பாடு நோயை மாத்தாது. ஆனா ஒடம்புக்குத் தெம்பு வரும், சிலருக்கு வலியும் கொறையும். உங்களுக்குப் புடிச்சதா இருக்கணும். இல்லாட்டி ரெண்டு வாரத்துல விட்டுருவீங்க" என்றார். என்ன பிடிக்கும் என்று கேட்டார். இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன். சிவப்பரிசிச் சோறு, சாளை மீன் குழம்பு, தேங்காய்ப்பூ போட்ட வல்லாரை மல்லுங், பயறு, பலாக்காய்க் கறி. எல்லாம் நல்லதுதான், மாற்றி மாற்றிச் சமையுங்கள் என்றார்.

ஆனால் நமக்குப் பிள்ளை கிடைக்க மாமி அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறார். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஒருசந்தி. இரவு ஒரு வேளைதான் சாப்பாடு, பகலெல்லாம் வெறும் தேத்தண்ணி. மற்ற நாளில் காலையும் ரொட்டி, இரவும் ரொட்டி. போன வெள்ளி மரத்தடியில் மயங்கி விழுந்தேன். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அழகம்மாக்காதான் தூக்கி உட்கார வைத்தார்.

தனியாகச் சமைத்துக்கொள்ளட்டுமா? நீங்கள் மாமியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

உங்கள் அன்பு மனைவி
ஜெனிற்றா


வரக்காப்பொல,
ஜூன் 20

அன்புள்ள ஜெனிக்கு,

விழுந்தாயென்று படித்ததும் கை ஓடவில்லை. இங்கே பேக்கரியில் பகலெல்லாம் போறணை நெருப்பு முன்னால் நானும் வேகிறேன், வர முடியவில்லை. ரொட்டி வேண்டாமென்று பேக்கரிக்காரன் பெண்டாட்டியே சொன்னால் என் பிழைப்பு என்னாவது?

சரி, கோபிக்காதே. சின்னதாக ஒரு அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள். அம்மாவுக்கு நான் போன் எடுத்துச் சொல்கிறேன். அவர் மனசும் நோகக் கூடாது, பார்த்து நடந்துகொள்.

உன்
ரொபர்ட்


தெஹியோவிட்ட,
ஜூலை 14

அன்புக்குரிய உங்களுக்கு,

நீங்கள் மாமியிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருப்பீர்கள் என்று நம்பி நான் பின்பக்கம் மூன்று கல் வைத்து உலை ஏற்றிவிட்டேன். நம் லயத்தில் ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா? மாமி பெயரைச் சொல்லி, "மரியாயி வீடு பிரிஞ்சிருச்சாம்" என்று பொழுது சாய்வதற்குள் கடை வரைக்கும் போய்விட்டது. மாமி அன்று சாப்பிடவில்லை. "எம்மகன எங்கிட்டருந்து பிரிச்சிட்டா, நேர்த்தியையும் கெடுத்துட்டா" என்று வாசலில் இருந்து அழுதார். நோயைப் பற்றி நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பேரப்பிள்ளை ஆசை அவருக்கு. எனக்கு நிமிர்ந்து நின்று வேலை செய்ய முடிந்தால் போதும். இந்த மாதம் வலி வந்தது, ஆனால் கால் தரையில் நின்றது. குளிசையா சாப்பாடா தெரியாது, இரண்டையும் விட மாட்டேன்.

வரும் ஞாயிறு வருவதாகச் சொன்னீர்கள். அம்மா கையால் வயிறாரச் சாப்பிடுங்கள். என் சட்டியிலும் ஒரு பிடி எடுங்கள். அது போதும். வீடு பிரியவில்லை என்று மாமியும் நம்புவார், லயமும் வாயை மூடும். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

உங்கள் மனைவி
ஜெனிற்றா


தெஹியோவிட்ட,
ஜூலை 22

உங்களுக்கு,

நேற்று மாமி பரிமாறியதைச் சாப்பிட்டீர்கள். பெற்றவள் கைச்சோற்றை யார் குறை சொல்வது? என் சட்டி பக்கத்திலேயே மூடியிருந்தது. அழகம்மாக்காவே வாசலில் நின்று, "தம்பி, அதையும் கொஞ்சம் பாருங்க, விடியவே எந்திரிச்சு ஆக்குனா" என்று சொன்னார்.

"நோயாளிச் சாப்பாடு எனக்கு எதுக்குக்கா?" என்று சிரித்தீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். மாமிகூட.

விளையாட்டுக்குத்தான் சொன்னீர்கள், தெரியும். எப்போதும் விளையாட்டுக்குத்தான் சொல்கிறீர்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் களைத்துவிட்டது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை, இருக்கிற தெம்பு வேலைக்கு மலை ஏறி இறங்கவே வேண்டியிருக்கிறது.

நாளை தெரணியகலைக்கு, என் ரோஷானி அக்கா வீட்டுக்குப் போகிறேன். அந்தத் தோட்டத்தில் அன்றன்றே கைக்காசு தந்து பால் வெட்ட ஆள் தேடுகிறார்களாம். கிளினிக்குக்கும் அங்கிருந்தே பஸ் இருக்கிறது. மாமியிடம் இந்த முறையாவது நீங்களே சொல்லுங்கள். கூப்பிட வர வேண்டாம்.

உடுப்பைக் கட்டி முடித்ததும் பசித்தது. உங்களுக்கென்று மூடி வைத்திருந்ததையும் சேர்த்து நானே சாப்பிட்டேன். சாளைக் குழம்பு ஒரு நாள் ஊறி, நல்ல ருசி.

ஜெனிற்றா