பாட்டில் நீங்கள் மூச்சு வாங்கிய இடம்

அப்பா,

பக்கத்து வீட்டில் ஆடாதோடை இலை வேகவைக்கிறார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கொஞ்ச நாளாக இருமல். கசப்பு வாடை சுவரைத் தாண்டி வந்ததும் அம்மா அடுப்பை விட்டுவிட்டு முருங்கை மரத்தடியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். உங்கள் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது விறகு கிடக்கிறது.

இன்று கன்னியர் மடத்துக் கோவிலில் திருநாள். சிஸ்டர்மாரின் சபையை உண்டாக்கிய புனிதர், அந்த அர்ச்சியசிஷ்டவர் பேரில் நீங்கள் எழுதின பாட்டைப் பாடினார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் என்றால் எனக்கு வாய் வராது என்று உங்களுக்குத் தெரியும்.

உபதேசியாராக இருந்தவரை எரியோட்டுக்குப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சைக்கிளில் போய் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தீர்கள். இருமலில் ரத்தம் வந்த பிறகு அது நின்றது. பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். "அது நெசந்தானே" என்று நீங்களும் சொன்னீர்கள். தனித் தட்டு, தனித் தம்ளர், மரத்தடியில் தனிக் கட்டில். அம்மா சுருட்டுக் கம்பெனிக்குப் போனாள். உங்களுக்குக் கஞ்சி வைக்க ஆள் வேண்டுமென்று நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் மடத்து மதர் பாட்டுக் கேட்டு ஆள் அனுப்பினார். மெட்டு அவர்கள் தேசத்தது. வருஷா வருஷம் திருநாளில் சிஸ்டர்மார் தங்கள் பாஷையில் பாடுவார்கள், நம் சனத்துக்கு ஒரு சொல்லும் விளங்காது. மெட்டு உங்களுக்கு மனப்பாடம். படுத்தபடியே அதற்குத் தமிழ் கட்டினீர்கள். ஆனால் மடத்துக்குள் உங்களை விடமாட்டார்கள். உங்களிடம் பாடம் பண்ணி, ஆர்மோனியம் வாசிக்கும் சிஸ்டரிடம் போய்ப் பாடிக்காட்டும் வேலை எனக்கு வந்தது.

"மரத்துக்கு அந்தாண்ட நில்லு தாயி. கிட்ட வராத."

நான் தள்ளி நின்று பாடுவேன்.

"கொசுகூட உன்னையவிடச் சத்தமாப் பாடும். வாயத் தொற."

*தெருவில் கிடந்த எங்களைத்*
*தேடி எடுத்த தந்தையே*

இந்த இரண்டடியும் உங்கள் குரலில்தான் இன்னும் எனக்குக் கேட்கிறது. "தேடி" என்று சொல்லி நிறுத்துவீர்கள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வீர்கள். நெஞ்சு ஏறி இறங்கும். பிறகு "எடுத்த தந்தையே" வரும். ஒவ்வொரு கண்ணியிலும் அப்படி ஒரு நிறுத்தம் இருந்தது. பாட்டே அப்படித்தான் என்று நினைத்து, அந்த நிறுத்தங்களையும் சேர்த்தே பாடம் பண்ணிக்கொண்டு போனேன்.

மடத்தில் தரையைப் பார்த்தபடி பாடினேன். சிஸ்டர் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ஏன் 'தேடி'ன்னு சொல்லி நின்னுட்ட?"

"அப்பா அப்படித்தான் பாடுனாங்க, சிஸ்டர்."

"அப்படின்னா சரி. உபதேசியார் காரணமில்லாம நிப்பாட்ட மாட்டாரு." பென்சிலால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கோடு போட்டுக்கொண்டார். மடத்தில் வளரும் அநாதைப் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கோட்டில் நின்று நின்று பாடப் பழகினார்கள்.

திருநாளன்று நீங்கள் கேட்டே தீரவேண்டும் என்றீர்கள். நல்ல வெயிலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு கோவிலுக்கு வெளியே சன்னலடியில் நின்றீர்கள். உள்ளே பாட்டு தொடங்கியது. "தேடி" என்று பாடி அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக நின்றார்கள். நீங்கள் சன்னலை நிமிர்ந்து பார்த்தீர்கள். இரண்டாம் கண்ணியிலும் நின்றார்கள். உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏ தாயி! நான் எளைச்ச எடத்துலயெல்லாம் அதுகளும் நிக்குதுகளே!"

சிரிப்பு இருமலானது. துண்டில் ரத்தம். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அழுகை வந்தது.

"சிஸ்டருகிட்டச் சொல்லி மாத்தச் சொல்லவாப்பா?"

"வேணாம். எனக்குத்தான் மூச்சு இல்ல. அம்புட்டுப் புள்ளைகளும் எனக்காக வாங்குதுக. வாங்கட்டும்."

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் தொடங்குமுன் போய்விட்டீர்கள். தூக்க வந்தவர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். கல்லறையில் யாரும் பாடவில்லை. அன்றைக்கே பாயையும் போர்வையையும் கட்டிலையும் போட்டு எரிக்கச் சொன்னார்கள். அம்மா எரித்தாள். உங்கள் சட்டையில் ஒன்றையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "உனக்கும் வரணுமாடி?" என்று அதையும் நெருப்பில் போட்டாள். வீட்டில் உங்களுடையது என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. பாட்டில் அந்த நிறுத்தங்கள் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தன.

இந்த வருஷம் ஆர்மோனிய சிஸ்டருக்கு மாற்றல். புதிதாக வந்த சிஸ்டர் முறையாகச் சங்கீதம் படித்தவராம். நானும் இப்போது சுருட்டுக் கம்பெனியில் புகையிலைக் காம்பு கிழிக்கிறேன். வேலை முடிந்து வரும் வழியில் மடத்து வாசலில் நின்று பாட்டுப் பழகுவதைக் கேட்பேன்.

"இங்க யாரு நிறுத்தச் சொன்னா? ஒரே மூச்சுல பாடுங்க. தேடி எடுத்த தந்தையே... ஆங், இப்பதான் கேக்க நல்லாருக்கு."

சொல்லிவிடுவது என்று வராந்தா வரைக்கும் போனேன். பிள்ளைகளை அனுப்பிவிட்டு சிஸ்டர் வெளியே வந்தார். என் சீலையில் இருந்த புகையிலைத் தூசியைப் பார்த்தார்.

"என்னம்மா, அரிசிக்கா? அது சனிக்கிழமைதான் குடுப்போம்."

நல்ல குரலில்தான் சொன்னார். என் அப்பா எழுதின பாட்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அது என்ன நிறுத்தம் என்று கேட்டால்? காசநோய்க்காரருக்கு மூச்சு முட்டின இடம் என்று எப்படிச் சொல்வது? அர்ச்சியசிஷ்டவர் பாட்டில் அது எதற்கு என்று கேட்டுவிட்டால்? இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசுக்குள் சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இன்று காலை கோவில் நிறைந்திருந்தது. பாட்டு இப்போது சனங்களுக்கும் தெரியும். நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் கடைசியில் முழந்தாளில் இருந்தோம். எல்லாரும் எழுந்து பாடினார்கள். "தேடி" வந்தது. நான் அந்தச் சொல்லோடு நின்றேன். பிள்ளைகளும் ஆர்மோனியமும், அந்த இழுப்பில் சனங்களும் என்னைத் தாண்டி "எடுத்த தந்தையே"க்குப் போய்விட்டார்கள். அவர்கள் முடித்த பிறகு என் குரல் தனியாகப் பின்னால் வந்தது. முன்னால் நின்றவள் திரும்பி முறைத்தாள்.

அம்மா முழங்கையால் இடித்தாள். "எல்லாரும் பாக்குறாக. ஒழுங்காப் பாடுடி."

அடுத்த கண்ணியிலும் நின்றேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். மறுபடி இடிக்கவில்லை.

பாட்டு முடியும்வரை நீங்கள் மூச்சு வாங்கிய ஓரிடத்தையும் நான் விடவில்லை அப்பா. கொசுவைவிடச் சத்தமாகத்தான் பாடினேன்.