களையென்று சொன்னவர்

யூலை 16, புதன்

இன்று நகரசபை அதிகாரி வந்தார். எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டின் முன்பக்கம் களை மண்டிக் கிடப்பதாக யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார். நான் விதை போட்டு வளர்த்த பிரெய்ரிப் புல்வெளிப் பூக்கள் அவை. எக்கினேசியா இப்போதுதான் மலர்ந்திருக்கிறது. இருமல் தேநீருக்குக் காட்டு பெர்கமொட் இலை கிள்ளிய கையோடு அவர் முன்னால் நின்றேன்.

உள்ளேயிருந்து இவர் வந்தார். புல்லாக இருந்த இடத்தைக் காடாக்கிவிட்டாய் என்று ஒவ்வொரு கோடையும் என்னோடு சண்டை பிடிக்கிற மனிதர். ஒவ்வொரு செடியாகத் தொட்டு அதிகாரியின் மொழியான பிரெஞ்சில் பெயர் சொன்னார். எது இருமலுக்கு, எது காய்ச்சலுக்கு என்றும் சொன்னார். ஒன்றிலும் பிழை விடவில்லை. அதிகாரி சிரித்தார். நடைபாதையில் சரிந்தவற்றை மட்டும் கட்டிவிடச் சொல்லிப் போய்விட்டார்.

“இதெல்லாம் எப்ப படிச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

“நீ சனத்துக்கு மருந்து சொல்லேக்கை கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்.”

“நீங்களும் களையெண்டுதானே சொல்லுறனீங்கள்?”

“நான் சொல்லலாம். வேற ஆக்கள் சொல்லேலாது.”

முறைப்பாடு யார் கொடுத்தது என்று யோசிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அந்த நினைப்பே வரவில்லை. செடிகளை நினைத்தும் பெருமை, பக்கத்தில் குறட்டை விடுகிறவரை நினைத்தும் பெருமை. சிரித்தால் எழும்பிவிடுவார்.