அக்கா எழுதாத அசிஸ்ட்டுகள்

மார்ச் 4

அன்புள்ள சுண்டெலிக்கு,

என் போனை எடுப்பதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறாய். கடிதத்தையாவது கிழிக்காமல் படி. புது ஊரில் அறை எப்படி? முழங்கால் வலி தேவலையா? இங்கே அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே திட்டிவிடுகிறாள்.

நான் என்னடி செய்வேன்? கூடைப்பந்து கிளப்பின் ஸ்கோர் மேஜையில் உட்கார்ந்து எழுதுவது என் வேலை. பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கிற பாயிண்ட் கார்டாக நீயும் நெட்டையும் இருக்கிறீர்கள், ஒருத்திக்குத்தான் இடம், கூடை விழ வைத்த பாஸ், அதான் அசிஸ்ட், யார் எத்தனை கொடுத்தாள் என்று கோச் கேட்டார். கொடுத்தேன். ஆட்டத்துக்கு நெட்டைக்கு ஆறு, உனக்கு நாலு. அவர் அவளை வைத்துக்கொண்டார். தங்கை என்பதற்காக மாற்றி எழுத முடியுமா?

கோபம் தணிந்ததும் இரண்டு வரி எழுது.

உன் அக்கா

மார்ச் 13

அக்காவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து. இந்த டீமில் ஒன்பது பேர், மூன்று பந்து.

நான் மாற்றி எழுதச் சொல்லவில்லை. எதை எண்ணினாய் என்றுதான் கேட்கிறேன். என் பாஸை வாங்கியவள் தடுக்க ஆளே இல்லாமல் நின்று போட்டும் கூடையில் விழவில்லை என்றால், உன் தாளில் நான் ஒன்றும் செய்யாதவள். நெட்டை முதல் ஐவரோடு ஆடினாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழும். நான் பெஞ்சில் இருந்து வந்தவர்களோடு ஆடினேன். வீடியோ இருக்கிறதே, உட்கார்ந்து பார். எனக்காக வேண்டாம், உன் வேலைக்காகப் பார்.

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

தங்கை

ஏப்ரல் 6

என் சுண்டெலிக்கு,

பதினெட்டு ஆட்டத்தையும் பார்த்துவிட்டேன். சமையலறை மேஜையில், மூன்று வாரம். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, நீ பந்தைத் தொட்டாலே “அதையும் எழுது” என்றாள். பந்து விழுந்ததோ இல்லையோ, போடுகிறவளைத் தோதான இடத்தில் தனியாக நிறுத்திய பாஸ் அத்தனையும் எண்ணினேன். ஆட்டத்துக்கு உனக்குப் பதினொன்று, நெட்டைக்கு ஒன்பது. இத்தனைக்கும் நீ ஆடிய நேரம் குறைவு.

இதோடு நிறுத்தினால் நல்லவளாகிவிடுவேன். இன்னொன்றும் இருக்கிறது. பந்தை வாங்கியவள் அதைத் தரையில் இரண்டு தடவை தட்டிவிட்டுக் கூடையில் போட்டால், அது அசிஸ்ட்டா இல்லையா என்பது மேஜையில் இருப்பவரின் முடிவு. அப்படி வந்ததையெல்லாம் நெட்டைக்கு எழுதியிருக்கிறேன். உனக்கு ஒன்றுகூட எழுதவில்லை. அப்படி விட்டது முப்பத்தாறு இருக்கிறது. ஆட்டத்துக்கு இரண்டு. அதைச் சேர்த்திருந்தால் உனக்கும் ஆறுதான்.

தங்கச்சிக்கு அள்ளிக் கொடுக்கிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் செய்தது நான்தான். என் பெயர் கெடக் கூடாது என்று உன் இடத்தைக் கெடுத்துவிட்டேன்.

என் தப்பையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதி நேற்று கோச்சிடம் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார். நேரில் கேட்க எனக்கு வாய் வராது. மன்னித்துவிடு.

அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கோச் கூப்பிட்டார். உன் தாளைப் படித்தாராம். ஆனால் நெட்டையோடு ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். ஸ்கோர் மேஜைக்கு இனி வேறு ஆள் என்றும் சொன்னார். நீ எனக்கு அதைச் சொல்லவே இல்லை.

உன் கடிதம் வந்து இரண்டு நாள் உன்மேல் கொலைவெறி. மூன்றாம் நாள் பயிற்சிக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் பிஸ்கட் பங்கு போடும்போதும் நீ இப்படித்தான். அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு முழுசு, எனக்கு உடைந்தது. கேட்டால், பாரபட்சம் காட்டக் கூடாதாம்.

இங்கே ஸ்கோர் எழுத ஆள் இல்லை. மருந்துப் பெட்டியின் அட்டையில் கிறுக்கிவைக்கிறார்கள். நேற்று நானே ஒரு நோட்டு வாங்கி, நீ எண்ணிய மாதிரியே கோடு போட்டுக்கொண்டேன். முதல் பக்கத்தில் முதல் பெயர் உன்னுடையது. சரியான பாஸைக் கோச் கைக்கே கொடுத்தாய். அவர் போடவில்லை. அதற்கு நீ என்ன செய்வாய்? உன் பெயருக்கு நேராக ஒன்று எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். எடுக்கிறேன்.

உன் சுண்டெலி