நாற்பது முழங்கைகள்

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

என் எக்ஸ்ரே படிப்பின் ரெகார்டு நோட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை என்றுதானே கோபம்? அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? முழங்கை எக்ஸ்ரே நாற்பது, முழங்கால் அறுபது, எல்லாம் நானே எடுத்தேனாம். தொற்று வந்ததும் எலும்புப் பிரிவைப் பூட்டிவிட்டார்கள். பாடமெல்லாம் போன் திரையில். பிறகு ஆள் இல்லையென்று எங்களைத் தொற்று வார்டுக்குள் தள்ளினார்கள். மெஷினை உருட்டிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் நெஞ்சுப் படம் எடுத்தேன், ஆயிரத்து நூறுக்கு மேல். கண்ணைக் கட்டிவிட்டாலும் நெஞ்சு எடுப்பேன். முழங்கை ஒன்றுகூட எடுத்ததில்லை.

கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் கூடுதல் பயிற்சி. "எல்லாரும் போட்டாச்சு, உனக்கு மட்டும் என்ன?" என்கிறார் துறைத்தலைவர். மாதக் கடைசிவரை யோசிக்கச் சொல்லியிருக்கிறார்.

உன் தங்கை

பிப்ரவரி 15

சிடுமூஞ்சிக்கு,

குறுக்கே பேச முடியாமல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நீ அந்த வார்டில் இருந்தவரை ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே போனை எடுத்து உன்னைக் கூப்பிடுவேன். இன்னும் ஆறு மாதம் ஆஸ்பத்திரியா? உன் செட் பெண் ஒருத்தி கையெழுத்துப் போட்டுத் தேறி, எங்கள் தெருமுனை ஸ்கேன் சென்டரில் வேலைக்கே சேர்ந்துவிட்டாள். நீ மட்டும் உலகத்தைத் திருத்தக் கிளம்பியிருக்கிறாய். போட்டுவிட்டு வீட்டுக்கு வா. என் வாலுப் பயல் "சித்தி எப்போ வரும்?" என்று என்னைத் துளைத்தெடுக்கிறான்.

போடவில்லையென்றால் எனக்கு எழுதாதே.

அக்கா

பிப்ரவரி 21

அக்கா,

நீ ஜெயித்துவிட்டாய். இருபத்தாறாம் தேதி காலையில் போடுகிறேன். உனக்காக மட்டும்தான்.

தங்கை

பிப்ரவரி 26

என் செல்லத்துக்கு,

காலையில் போனில் "போடாதே" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். காரணம் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன்.

முதலில் இதைப் படி: எலும்பு முறியவில்லை.

நேற்று வாலு சறுக்கு மரத்திலிருந்து விழுந்தான். முழங்கை பலூன் மாதிரி வீங்கிவிட்டது. தெருமுனை சென்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உன் செட் பெண்தான் இருந்தாள். கையை இப்படி வைத்தாள், அப்படித் திருப்பினாள். ஒவ்வொரு தடவையும் பிள்ளை வீறிட்டான். நான்கு படம் எடுத்தும் ஒன்றுமே தெரியவில்லையென்று டாக்டர் திருப்பி அனுப்பினார். கடைசியில் சீனியர் அம்மா ஒருத்தர் வந்து அவனைக் குட்டை ஸ்டூலில் உட்கார வைத்தார். தோளும் கையும் மேசையோடு ஒரே மட்டத்துக்கு வந்தன. ஒரே தடவைதான், படம் தெளிவாக விழுந்துவிட்டது. வெறும் வீக்கமாம். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

மூச்சு வந்ததும் சண்டைக்குப் போனேன். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நாங்க நெஞ்சு மட்டும்தான்க்கா எடுத்தோம். வேற எதையும் தொடவே விடல."

அதற்குமேல் அவளைத் திட்ட வரவில்லை. திட்ட வேண்டிய ஆட்கள் அங்கே இல்லை.

ஆறு மாதமும் இருந்து படித்துவிட்டு வா. அவளுக்கும் ஏதாவது வழி உண்டா என்று கேள். எனக்கு எழுது.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

நீ கத்தியபோது துறைத்தலைவர் எதிரில் பேனா மூடியைத் திறந்து வைத்திருந்தேன். உன் குரல் அவருக்கே கேட்டுவிட்டது. "யாரும்மா அது?" என்றார். "எங்க அக்கா" என்று சொல்லி மூடியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் தெருமுனைப் பெண்ணுக்காகவும் கேட்டேன். தேறியவளுக்கு மறுபடி பயிற்சி கிடையாதாம். பட்டம் கொடுக்க மட்டும் அவ்வளவு அவசரம் இவர்களுக்கு. நான் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் இந்தப் புது ஆஸ்பத்திரியின் டெக்னீஷியன் அக்காவிடம் கெஞ்சினேன். ஞாயிறுதோறும் வந்து கூட நிற்கட்டும் என்றார். போன வாரம் வந்துவிட்டாள். வாலுவின் கை எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டாள்.

இன்று காலை முழங்கை வீங்கி ஒரு சின்னப் பெண் வந்தாள், நம் வாலு வயதுதான் இருக்கும். குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் அழவேயில்லை. படம் முதல் தடவையிலேயே விழுந்தது.

புது நோட்டில் என் கையால் எழுதினேன்: முழங்கை, ஒன்று. கீழே கையெழுத்தும் போட்டேன்.

உன் சிடுமூஞ்சி