உன் ஏணியை அறுத்துவிட்டேன்

உள்ளங்கையை இன்னும் கழுவவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் சுண்ணாம்பு வாசனை. இத்தனை வருஷம் மூங்கிலுக்குள் ஊறிக் கிடந்தது, ரம்பம் பட்டதும் தூளோடு கிளம்பி முகத்தில் அடித்தது. ஆமாம், உன் ஏணியைத்தான் அறுத்தேன். சரிபாதியாக. நீ இருந்திருந்தால் ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருமுனைவரை என்னைத் துரத்தியிருப்பாய். இல்லாமல் போனது உன் தப்பு. இப்போது கேள்: கோழிகள் கூண்டுக்குள் போய்விட்டன! நான்கும்! யாரும் விரட்டாமல், தாமாகவே நடந்து போயின!

கடற்கரைப் பக்கத்து மஞ்சள் சுவர்களுக்கெல்லாம் வர்ணம் அடித்துவிட்டு, சாயங்காலம் அந்த ஏணியைத் தோளில் சுமந்து வருவாய். கண்ணிமையில்கூட மஞ்சள் புள்ளி ஒட்டியிருக்கும். கொல்லைச் சுவரில் ஏணியைச் சாய்த்துவிட்டுக் கை கால் கழுவப் போவாய். நீ முகம் துடைப்பதற்குள் கோழிகள் ஒவ்வொரு படியாக ஏறி உட்கார்ந்துவிடும். மனுஷர் யாரையும் தொடவிடாத ஏணியில் அவை மட்டும் எச்சமிடலாம். நீயும் காலையில் முணுமுணுக்காமல் கழுவுவாய். இருட்டத் தொடங்கியதும் ஏணிக்காலை இரண்டு தட்டுத் தட்டி, "பத்திரமா இருங்கடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாய். ஏறுவதற்கு முன் ஏணி உறுதியாக நிற்கிறதா என்று தட்டிப் பார்ப்பது உன் தொழில் பழக்கம். அதைக் கோழிகளுக்கும் செய்தாய். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சிரிப்பேன்.

கூண்டு செய்தது உனக்காகத்தான். நான் வேலை பார்த்த மில் மூடிய பிறகு வெல்டிங்கை நானே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன் நான். எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, நானும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. பூனை நடமாட்டம் இருக்கிறது என்று உன்னிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால், இரும்பு ஆங்கிளும் கம்பி வலையும் வாங்கி, ஒரு ஆள் உட்காரும் உயரத்துக்கு ஒரு கூண்டைக் கட்டி முடித்தேன். நீ அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாய்.

"பிரமாதம் மிசியே. கைதிங்க எப்ப வர்றாங்க?"

"டேய், பூனை தூக்கிட்டுப் போனாத்தான்டா ஒனக்குப் புத்தி வரும்."

"என் கோழிங்க ஒசரத்துல நிம்மதியாத் தூங்குது. ஒன் கூண்டுல நீயே போய்ப் படுத்துக்க. கொசுகூட வராது போல."

நான் பிடிவாதம் பிடிக்கும்போதெல்லாம் மிசியே என்றுதான் கூப்பிடுவாய், அந்தக் காலத்துப் பிரெஞ்சுத் துரைக்குச் சலாம் போடுகிறவன் மாதிரி கையையும் நெற்றிக்குக் கொண்டுபோவாய். அன்றைக்குத் தெருவே சிரித்தது. கூண்டு என் கொல்லையில் காலியாகவே நின்றது. அதை நான் மறக்கவில்லை. இப்போதும் கோபம்தான்.

மார் வலிக்கிறது என்று படுத்தவன் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அரியாங்குப்பத்திலிருந்து உன் மகள் வந்தாள். காரியமெல்லாம் முடிந்து வீட்டை ஒழித்தபோது, கோழிகளை என்னிடம் கொடுத்தாள். கடைசியில் ஜெயித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கே? பகலெல்லாம் என் கொல்லையில் மேயும். பொழுது சாய்ந்ததும் படபடவென்று சுவரைத் தாண்டி உன் ஏணிக்குப் போய்விடும். சில நாள் அடைத்தே வைத்தேன். திறந்த அன்றைக்கே ஓடின. உள்ளே விளக்குப் போட்டேன். நொய்யரிசி இறைத்தேன். அதைப் பொறுக்கித் தின்றுவிட்டு வெளியே வந்து நின்றன. இந்த வயதில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கோழிக்குப் பின்னால் ஓடினேன். போன வாரம் ஐந்து கோழிகளில் கருப்பியைப் பூனை தூக்கிவிட்டது. உன் இருமல் சத்தம் கேட்டாலே பக்கத்தில் வராத பூனைதான். வீட்டில் ஆளில்லை என்று அதற்கும் தெரிந்துவிட்டது.

இன்று காலையில் உன் மகள் சுவரோரம் வந்து நின்றாள்.

"பெரியப்பா, நாளைக்கு வாடகைக்கு ஆளுங்க வர்றாங்க. அவங்களுக்குக் கோழி ஆவாது. இன்னிக்கும் இங்கயே வந்து ஒக்காந்துச்சுன்னா கறிக்கடைக்காரரு வந்து புடிச்சிட்டுப் போயிடுவாரு. சொல்லி வெச்சிட்டேன்."

"யாரு கோழிய யாருடி புடிக்கிறது?"

"அப்போ உள்ள ஒக்கார வெச்சுக் காட்டுங்க."

உன் மகள்தான், சந்தேகமே இல்லை.

கூண்டுக்குள் நானே நுழைந்து உட்கார்ந்தேன். நீ சொன்னாய் என்பதற்காக இல்லை, எங்காவது கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க. கோழிகளுக்காக நான் வைத்திருந்தது அகலமான பலகை, இழைத்து வழவழப்பாக்கியது. தடவிப் பார்த்தேன். விரலை மடக்கிப் பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. உன் ஏணிப்படி உருண்டை. உடனே புரிந்துவிட்டது! கூண்டில் ஒரு குறையும் இல்லை. நீதான் அவற்றுக்கு உருண்டைப் படியில் தூங்கும் செல்லப் பழக்கத்தைப் பழக்கி வைத்திருக்கிறாய்.

ரம்பத்தோடு போய் நின்றதும் உன் மகள் ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அப்பா ஏணி பெரியப்பா!"

"கறிக்கடையா, ரம்பமா? நீயே சொல்லு."

அவள் ஏணியைக் கிடத்தி, அதன் காலை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு குந்தினாள். "நேரா அறுங்க. கோணலாப் போச்சுன்னா அப்பா திட்டுவாரு."

கீழ்ப்பாதியைக் கூண்டுக்குள் சாய்த்துக் கட்டினேன். பொழுது சாய்ந்தது. கோழிகள் வழக்கம்போலச் சுவர்மேல் ஏறின. அந்தப் பக்கம் ஏணி இல்லை. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தன. நாங்கள் இரண்டு பேரும் கூண்டுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டோம். முதலில் அந்தச் சண்டைக்காரச் செவலைக் கோழிதான் குதித்தது. கூண்டு வாசலில் நின்றது, தலையைச் சாய்த்துப் பார்த்தது, உள்ளே போனது, ஒரே தாவில் மேல்படி! பின்னாலேயே மற்ற மூன்றும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடின. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது. உன் மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

ஆனால் அவை அடங்கவில்லை. கொக்கரித்துக்கொண்டே இடம் மாறி மாறி உட்கார்ந்தன. செவலை கீழ்ப்படிக்கு இறங்கி வாசலையே பார்த்தது.

"தட்டுங்க பெரியப்பா. அப்பா தட்டுவாருல்ல?"

"நான் தட்ட மாட்டேன். அது அவன் கிறுக்குத்தனம்."

செவலை ஒரு காலைத் தரையில் வைத்தது.

தட்டினேன். இரண்டு தட்டு. நீ சொல்வதையும் சொன்னேன். செவலை காலை எடுத்து மேலே வைத்தது, ஏறியது, இறகை உதறிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. உன் மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கறிக்கடைக்காரருக்குப் போன் போட்டாள்: "வர வேணாங்கண்ணா. எல்லாம் வீடு போய்ச் சேந்துடுச்சு."

ஏணியின் மேல்பாதி என் வீட்டுக்குள் நிற்கிறது. யாரையும் தொடவிட மாட்டேன். கூண்டைப் பற்றி நான் சொன்னதுதான் சரி, அதில் ஒரு வார்த்தையையும் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவதில்லை. தட்டிவிட்டு நிமிர்ந்தபோது மட்டும், சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது நின்று சிரிக்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை. நாளைக்கும் தட்டுவேன், நாளைக்கும் பார்ப்பேன்.