நாடா நின்ற பக்கம்

அக்டோபர் 3, திங்கள்

என்னங்க,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். பேசிப் பார்த்துவிட்டேன். நான் வாயைத் திறந்தால், காதில் போனோடு ஒரு விரலைத் தூக்கி “ஒரு நிமிஷம்” என்கிறீர்கள். சபையின் ஐம்பதாம் ஆண்டு விழாவுக்குச் செயலாளர் ஆன நாளிலிருந்து அந்த ஒரு நிமிஷம் முடியவே இல்லை.

அதனால் இதை உங்கள் வேதப் புத்தகத்துக்குள், வாசிப்பு அட்டவணையில் இன்றைய தேதிக்குப் போட்டிருக்கும் பகுதியில் வைக்கிறேன். காலையில் எப்படியும் திறப்பீர்கள்.

விஷயம் இதுதான். எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக்கொள்ளலாம் என்று அளவு டேப்பை என் மேல் சுற்றியபோது இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது. டாக்டரம்மாவிடம் காட்டினேன். வருகிற பத்தாம் தேதி ஊசி போட்டுச் சதை எடுத்துச் சோதிக்க வேண்டுமாம். கூட ஒருவர் வந்தால் நல்லது என்றார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. வருவீர்களா? ஒரு துண்டுத் தாளில் “வருகிறேன்” என்று எழுதித் தையல் மெஷின் மேல் வைத்தால் போதும்.

உங்கள் மனைவி

---

அக்டோபர் 12, புதன்

என்னங்க,

ஒன்பது நாள் பொறுத்தேன். மெஷின் மேல் ஒரு துண்டுத் தாள் கூட வரவில்லை. திங்கட்கிழமை காலை செருப்பைப் போட்டுக்கொண்டு, “அப்போ நான் கிளம்பட்டுங்களா?” என்று உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டேன். “சரி சரி, சாவிய எடுத்துட்டுப் போ” என்றீர்கள். நல்லவேளை, சாவியின் மேலாவது உங்களுக்கு அக்கறை இருக்கிறது.

தனியாகப் போனேன், தனியாக வந்தேன். அங்கே என்ன நடந்தது என்று கேட்காத மனிதரிடம் நானாகச் சொல்லமாட்டேன். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால், மேலே மெஷின் ரூமுக்கு ஓடுவதற்கு முன் உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டும் என்று எத்தனை தடவை பெருமையடித்திருக்கிறீர்கள்! இருபத்தாறு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதருக்கு, வீட்டுக்குள் ஒருத்தி மாட்டிக்கொண்டு நிற்பது தெரியவில்லையா?

இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு மறுபடி போக வேண்டும். வருவீர்களா, மாட்டீர்களா? இந்தத் தடவை கடிதத்தை விழாக் கோப்பில், அழைப்பிதழ் மாதிரிக்கு மேலேயே வைக்கிறேன்.

மனைவி

---

அக்டோபர் 12, மாலை

கர்த்தருக்குள் பிரியமான மனைவிக்கு ஸ்தோத்திரம்.

கோப்பைத் திறந்ததுமே உன் கடிதம் கிடைத்தது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. திங்கட்கிழமை எங்கே போனாய்? உன் அக்கா வீட்டுக்கா? ஒன்பது நாள் பொறுத்ததாக எழுதியிருக்கிறாய். இதற்கு முன் எந்தக் கடிதமும் என் கைக்கு வரவில்லை.

ஆனாலும் உன் பேச்சு எனக்கு வலிக்கிறது. நான் சீட்டாடவா போகிறேன்? தேவனுக்கு முதலிடம், வீடு அதற்கு அப்புறம் என்று கல்யாணத்தன்று நாம் இருவரும் சேர்ந்துதானே தீர்மானித்தோம்? இருபதாம் தேதி தலைமை ஆயர் வருகிறார். வரவேற்பு முழுக்க என் தலையில். அன்றைக்கு என்னைக் கூப்பிட உனக்கு எப்படி மனசு வந்தது? இவ்வளவு ஓட்டத்திலும் காலைத் தியானத்தை ஒரு நாளும் விட்டதில்லை. அந்தப் பலத்தில்தான் ஓடுகிறேன்.

கர்த்தருடைய பணியில்,
விழாக்குழுச் செயலாளர்

---

அக்டோபர் 13, வியாழன்

விழாக்குழுச் செயலாளர் அவர்களுக்கு,

ஆமாம், பெண்டாட்டிக்கு எழுதிய கடிதத்தில் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். முத்திரை ஒன்றுதான் குறை.

முதலில் சிரித்தேன். பிறகு “கைக்கு வரவில்லை” என்ற வரியைப் படித்தேன். எழுந்து போய் அலமாரியைப் பார்த்தேன். அங்கேயே இருக்கிறது, வைத்தது வைத்தபடி. உங்கள் வேதப் புத்தகத்துக்குள்! பத்து நாளாக நான் என்னவெல்லாம் நினைத்துக் குமுறினேன் தெரியுமா? படித்தும் கல்லாக இருக்கிறாரே என்று எண்ணினேன். நீங்கள் அதைத் திறக்கவே இல்லை.

போனில் படிக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். காலையில் உங்கள் போனில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், நாற்காலி எண்ணிக்கை. அட்டவணையில் நடப்பது அக்டோபர். நீங்கள் படித்த இடத்துக்கு அடையாளம் வைக்கும் நாடா பிப்ரவரிப் பக்கத்தில் கிடக்கிறது. நான் அதைத் தொடவில்லை. நீங்களே போய்ப் பாருங்கள்.

என்னைப் பின்னால் தள்ளியது தேவனுக்காக என்றால் வயிற்றெரிச்சலோடு பொறுத்துக்கொண்டிருப்பேன். கல்யாணத் தீர்மானம் எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் முதலிடத்தில் அவரும் இல்லையே! அந்த நாற்காலியில் கோப்பு அல்லவா உட்கார்ந்திருக்கிறது? இந்த வீட்டில் அவருக்கும் எனக்கும் ஒரே கதிதான். இரண்டு பேருக்கும் “ஒரு நிமிஷம்.”

திங்கட்கிழமை அங்கே நர்ஸ், “கூட யாரும்மா வந்திருக்காங்க?” என்று கேட்டாள். “அவருக்குச் சபை வேலை” என்றேன். “ஓ, பாஸ்டருங்களா?” “இல்லம்மா, லிஃப்ட் மெக்கானிக்.” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று நானும் கூடச் சிரித்தேன்.

எங்கே போனேன் என்று அலமாரியில் இருக்கும் கடிதம் சொல்லும். பக்கம் கண்டுபிடிக்கத் தெரியும் அல்லவா?

மனைவி

---

அக்டோபர் 14, வெள்ளி

ஏம்மா,

படித்தேன். புத்தகத்தின் மேல் தூசி இருந்தது. துடைத்துவிட்டுத்தான் திறந்தேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

சாவியை எடுத்துக்கொண்டு போ என்று சொன்னேனே, அது காதிலேயே நிற்கிறது. எந்த முகத்தோடு மன்னிப்புக் கேட்பேன்? தினமும் தியானம் செய்கிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய். விழா ஜெபத்தை எழுதுவதையே நான் ஜெபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாஸ்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இருபதாம் தேதி வரமாட்டேன் என்றேன். அவர் என்னைத் திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. “இத ஏன் இவ்வளவு லேட்டாச் சொல்றீங்க?” என்று மட்டும் கேட்டார். கோப்பை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வலித்ததா, ஊசி? இப்போதாவது கேட்கிறேன்.

நான் வரலாமா? பதிலை மெஷின் மேல் வை.

நான்

---

அக்டோபர் 15, சனி

என்னங்க,

வலித்தது. தையல் ஊசி கையில் ஏறியபோது கூட இவ்வளவு வலித்ததில்லை.

கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஒரு கடிதத்தில் கரைந்துபோகிற கோபம் இல்லை இது. விழா முடிந்த பிறகும் இருக்கும். பயமும் இருக்கிறது. பயத்தையாவது ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளலாம்.

இருபதாம் தேதி வாருங்கள், அன்றைக்குத்தான் சோதனை முடிவைச் சொல்வார்களாம். ஒன்பதுக்கே கிளம்ப வேண்டும். போனை வீட்டில் வைத்துவிடுங்கள். வேதப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மைக் கூப்பிட இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுங்கள், பிப்ரவரியிலிருந்து.

உங்கள் மனைவி